மூன்றாவது பின்

மணி,

இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே என் தந்தி உன் கைக்கு வந்திருக்க வேண்டும். "மெஷினை நிறுத்து. ஜன்னல் கம்பியை யாரும் தொடவேண்டாம். கடிதம் வருகிறது" என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். தபாலாபீசில் இருந்தவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் மாற்றி அடித்தார். என்ன வார்த்தை போட்டு அடித்தாரோ எனக்குத் தெரியாது. நீ அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மேஜைமேல் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போயிருப்பாயோ என்ற பயத்தில்தான் மண்டி வேலையை எல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்று சாயங்காலம் மாங்காய் ஏற்றிக்கொண்டு நம் லாரி மெட்ராசுக்குக் கிளம்புகிறது. சரக்கை இறக்குவதற்கு முன்னாலேயே இந்தக் கடிதத்தோடு வண்டியை உன் வீட்டு வாசலுக்கு விடும்படி டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். இதைப் பிரித்ததும் ஒரு காரியம் செய். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால், வாசல் பக்கம் இருக்கிற மெயினை இறக்கிவிட்டு வா. அப்புறம் உட்கார்ந்து படி. வசந்தாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான். வசந்தா நல்லபடியாக இருக்கிறாள், ஏழாம் மாசம் நடக்கிறது, மெட்ராஸ் வெயிலில் அவள் படுகிற அவதி பொறுக்காமல், சீமைக்குத் திரும்பிப்போன உன் கம்பெனி அதிகாரியிடமிருந்து ஏர்கண்டிஷன் மெஷின் ஒன்றை வாங்கிப் படுக்கையறை ஜன்னலில் மாட்டிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். வீட்டில் இரண்டு பின் பிளக்குதான் இருந்தது, அதில் சேரவில்லை என்பதால் மூன்றாவது பின்னை ரம்பத்தால் அறுத்து எறிந்துவிட்டு மாட்டினேன், இப்போது ஜம்மென்று ஓடுகிறது என்றும் எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, உன் கையெழுத்து முடிந்த இடத்தில், வசந்தா தன் கையால் நாலு வரி எழுதியிருந்தாள். உடம்பு சௌக்கியம், மாங்காய் ஊறுகாய் அனுப்ப முடியுமா மாமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் விளையாட்டாக ஒன்று சொல்லியிருந்தாள். "குளித்துவிட்டு வந்து ஜன்னல் கம்பியைத் தொட்டால் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது மாமா. இவர் ஒன்றுமில்லை, உன் பிரமை என்கிறார்."

இதே வார்த்தையை இதற்கு முன்னால் ஒருத்தி சொல்லி நான் கேட்டிருக்கிறேன். எறும்பு கடிக்கிற மாதிரி என்றுதான் அவளும் சொன்னாள். அவள் உன் பெரியம்மா.

பெரியம்மா மாரடைப்பில் போனாள் என்று உனக்குச் சொல்லப்பட்டது. நீ பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு ரயிலேறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெரியப்பா உன்னைக் கட்டிக்கொண்டு, "நெஞ்சு வலின்னா கண்ணு, அவ்வளவுதான்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தபிறகு அதை மாற்றிச் சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. உன் அம்மா போனபோது நீ தவழ்கிற பிள்ளை. உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் உன் பெரியம்மா, என் அண்ணி. அவள் எப்படிப் போனாள் என்பது உனக்குத் தெரியாமலே இருக்கட்டும், அந்தக் காட்சி உன் மனசுக்குள் போகவேண்டாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இப்போது அது உனக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

நீ காலேஜில் சேர்ந்த வருஷம்தான் நம் வீட்டுக்கு அந்த மெஷின் வந்தது. ஓசூரில் இருக்கிறவன் சித்திரையிலும் ராத்திரி போர்வை தேடுவான். கிருஷ்ணகிரியில் நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மலையடியில் வீடு. பகலெல்லாம் பாறை குடித்த வெயிலை இருட்டினபிறகு நம் சுவர்மேல் கக்கும். பெரியப்பாவின் உடம்பு உனக்குத் தெரியும். முதுகு முழுக்க வேர்க்குரு வெடித்து, படுக்கையில் புரண்டு புரண்டு, விடிந்ததும் சிவந்த கண்ணோடு மண்டிக்கு வந்து எல்லோர்மேலும் எரிந்துவிழுவார். நாகரசம்பட்டித் தோப்புக்காரர்கள் அவரிடம் விலை பேசவே பயந்தார்கள். கோலார் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகிறார், வீட்டுச் சாமான்களை ஏலம் விடுகிறார் என்று கேள்விப்பட்டு, நல்ல தேக்குக் கட்டில் கிடைக்குமா பார்க்கலாம் என்று போனவர், மறுநாள் லாரியில் மாங்காய் அடுக்குகிற மாதிரி சுற்றிலும் வைக்கோல் வைத்து ஒரு இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கினார். அதை இறக்குவதற்கு மண்டி ஆட்கள் நாலு பேர் வேண்டியிருந்தது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

மாட்டினவர் ஒயர்மேன் சின்னராஜ். ஓசூர்க்காரர், வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே சைக்கிளில் போகிறவர். நடு அறையின் பின்பக்கச் சுவரை இடித்து, இரும்பு ஆங்கிள் பதித்து, மெஷினின் முதுகு பின்கட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தார். தனியாகப் பெரிய ஒயர் இழுத்து, மூன்று ஓட்டை உள்ள பிளக்கு வைத்தார். பிறகு பின்கட்டு மூலையில், கூரை இறங்குகிற இடத்துக்கு உள்ளே தள்ளி, ஆழமாகக் குழி வெட்டச் சொல்லி, அதில் செப்புத் தகட்டை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினார். அண்ணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழி எதுக்குங்க? ஏதாவது பரிகாரமா?" என்று கேட்டாள்.

சின்னராஜ் சிரித்தார். "பரிகாரம் இல்லம்மா, எர்த்து. இந்த மூணாவது பின்னுல இருந்து வர்ற ஒயரு இந்தத் தகட்டுல வந்து சேருது. உள்ள எங்கியாவது ஒயரு கெட்டுப்போயி கரன்ட்டு இரும்புப் பொட்டிக்கு வந்துருச்சுன்னா, அது மண்ணுக்குள்ள ஓடிப்போக ஒரு வழி வேணும். வழி இருந்தா பியூஸ் போயிரும், மெஷின் தானா நின்னுரும். வழி இல்லைன்னா தொடறவங்க ஒடம்புதான் அதுக்கு வழி." பிறகு குழியைக் காட்டி, "மண்ணு காஞ்சா வழி அடைச்சுக்கும். வெயில் காலத்துல தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்திக்கினு வாங்க" என்றார்.

அந்த வருஷம் முழுக்க அண்ணி அதைச் செய்தாள். குளித்து முடித்ததும் ஒரு குடம் தண்ணீரைக் குழியில் ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். மெஷின் முன்பக்கத்துச் சல்லடையைக் கழற்றித் தூசி தட்டி, கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுவதும் அவள்தான். பெரியப்பா பிள்ளையைப்போலத் தூங்கினார். வேர்க்குரு உதிர்ந்தது. மண்டியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மெஷினின் உறுமல் ஒன்றுதான் அண்ணிக்குப் பிடிக்கவில்லை. "உள்ள யாராச்சும் உக்காந்துக்கினு மூச்சு வாங்கற மாதிரி இருக்குது" என்பாள். அவள் கூடத்தில்தான் படுத்தாள்.

ஐப்பசி வந்து குளிர் தொடங்கியதும் மெஷினை நிறுத்தினோம். அடுத்த மாசிவரைக்கும் அது அப்படியே கிடந்தது. இங்கே நான் சொல்லப்போகிறதை நீ நன்றாகக் கவனிக்கவேண்டும் மணி, ஏனென்றால் கெடுதல் வந்தது அது ஓடின காலத்தில் இல்லை, சும்மா கிடந்த காலத்தில். மாங்காய் மண்டிக்காரன் வீட்டில் வைக்கோலுக்கும் எலிக்கும் பஞ்சமில்லை. வெளிப்பக்கம் வலை எதுவும் அடிக்காமல் விட்ட இரும்புப் பெட்டிக்குள் எலி குடித்தனம் வந்தது யாருக்கும் தெரியவில்லை. அதே மழைக்காலத்தில், துணி காயப்போடுகிற மூங்கில் கழி இற்று விழுந்தது. மண்டி ஆள் ஒருவன் நல்லதென்று நினைத்து, வேலிக்கு வாங்கி வைத்திருந்த கம்பியை எடுத்து, ஒரு முனையை மெஷினைத் தாங்குகிற ஆங்கிளிலும் மறுமுனையைக் கிணற்றடிக் கல்தூணிலும் முறுக்கிக் கட்டிக்கொடுத்தான். நல்ல உறுதியான கொடி. ஜமுக்காளத்தைப் போட்டாலும் தொய்யாது. அண்ணிக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

மாசியில் மெஷினைப் போட்டபோது கொஞ்ச நேரத்தில் பியூஸ் போயிற்று. சின்னராஜ் வந்து மாற்றிக் கட்டிவிட்டுப் போனார். மறுபடி போயிற்று. இரண்டாவது தடவை அவர், "உள்ள ஒயரு எங்கியோ ஒரசுதுங்க, பொட்டியத் தொறந்து பாக்கணும்" என்றார். சீசன் நெருங்குகிறது, மெஷினை இறக்கினால் திரும்ப ஏற்ற எத்தனை நாள் ஆகுமோ என்று பெரியப்பா தயங்கினார். "அப்புறம் பாக்கலாம்பா" என்று அனுப்பிவிட்டார். அந்த வருஷம் மழை சரியாக இல்லை. பங்குனியில் நம் கிணறு தரை தட்டியது. குடிக்கிற தண்ணீர் குந்தாரப்பள்ளிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பீப்பாயில் மாட்டுவண்டியில் வந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு குடத்தை அண்ணி குழியில் ஊற்றுவதை ஒரு நாள் காலையில் பெரியப்பா பார்த்துவிட்டார்.

"மனுசனுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, மண்ணுக்கு ஊத்திக்கினு இருக்கறயா?"

"அவுரு ஊத்தச் சொன்னாருங்க."

"அவன் மழ பேஞ்ச வருசத்துல சொன்னான். எனுக்குப் புத்தியில்லையா? விடு அதை."

அவர் சொன்னதில் தப்பென்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. தெருவில் ஒரு குடத்துக்குப் பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி அன்றோடு நிறுத்திவிட்டாள். நாலைந்து நாள் வெயிலில் குழி வெடித்துப்போயிற்று. அதன்பிறகு ஒரு அதிசயம் நடந்தது. பியூஸ் போவது நின்றுவிட்டது. மெஷின் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது. பெரியப்பா எங்களைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா? தானா சரியாயிருச்சு. பொட்டியத் தொறக்கணும்னான்" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சின்னராஜ் சொன்ன வழி அடைத்துக்கொண்டது, அதனால்தான் அமைதியாக இருக்கிறது என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உன் கடிதத்தில் "ஜம்மென்று ஓடுகிறது" என்று படித்தபோது அதே அமைதிதான் என் காதில் கேட்டது.

முதலில் தெரிந்துகொண்டது ஒரு நாய். மெஷினிலிருந்து சொட்டுகிற தண்ணீர் விழுந்து சுவரோரம் ஈரமாக இருக்கும் இடத்தில், அந்தத் தெருநாய் மத்தியானம் முழுக்க வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டு படுத்திருக்கும். ஒரு நாள் அது எழுந்து, ஆங்கிளில் தொங்கிய சொட்டை நக்கப்போய், வீல் என்று கத்திக்கொண்டு பின்கட்டைத் தாண்டி ஓடியது. யாரோ கல்லால் அடித்தார்கள் என்று நினைத்தோம். அதன்பிறகு எவ்வளவு வெயிலடித்தாலும் அது அந்த ஈரத்துக்கு வரவில்லை. எதிர்வீட்டு வாசலில் படுத்துக்கொண்டு நம் வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அதற்கடுத்து அண்ணி. துணி காயப்போடும்போது கம்பியில் சுருக்கென்று எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பெரியப்பா வந்து, கம்பியைக் கையால் பிடித்து, அசைத்து, இழுத்துக்கூடப் பார்த்தார். ஒன்றுமில்லை. "எனுக்கு ஒண்ணும் தெரியலையே. துரு ஏறியிருக்கும், கையில குத்தியிருக்கும்" என்றார். அவர் காலில் தடித்த தோல் செருப்பு இருந்தது, நின்ற இடம் காய்ந்த தரை. அவள் ஈரக் கல்லின்மேல் வெறுங்காலோடு நின்று வேலை செய்கிறவள். இந்த வித்தியாசம் எங்களுக்கு அப்போது தெரியாது. உனக்கு இப்போதாவது தெரியட்டும். நீ ஆபீசுக்குப் போகிற ஷூவோடு நின்று ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் பிரமை என்று சொன்னாயா? அதை மட்டும் நினைத்துப் பார்.

அண்ணி விடவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அந்தச் சின்னராச ஒருக்கா வரச்சொல்லு. உங்க அண்ணனுக்குத் தெரியவேணாம், அவரு மண்டிக்குப் போனப்பறம் வந்து பாத்துட்டுப் போவட்டும்" என்றாள். நான் கெலமங்கலம் போகிற பஸ்ஸில் ஆள் அனுப்பினேன். அங்கே ஒரு ரைஸ் மில்லில் வேலையாக இருந்தார். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் மழை வந்துவிட்டது. மாங்காய் மழை. சாயங்காலம் மேற்கே கறுத்து, காற்று சுழன்றடித்து, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. தெருவில் பிள்ளைகள் நனைந்துகொண்டு கத்தினார்கள். அண்ணி வாசலில் அண்டா, குடம், சட்டி என்று இருந்ததையெல்லாம் வைத்துத் தண்ணீர் பிடித்தாள். பல நாளாகத் தண்ணீர் இல்லாமல் மூட்டை கட்டிவைத்திருந்த துணிகளை விடிந்ததும் வெளுத்துவிடலாம் என்று அவளுக்குச் சந்தோஷம். அவ்வளவு மழையும் கூரைக்கு உள்ளே தள்ளி இருந்த அந்தக் குழிக்குள் ஒரு சொட்டு போகவில்லை.

மறுநாள் காலை வெயில் பளீரென்று இருந்தது. பின்கட்டுக் கல்லெல்லாம் ஈரம். பெரியப்பா காற்றில் விழுந்த காயை வாங்கி அனுப்பிவிட்டு விடியற்காலையில்தான் மண்டியிலிருந்து வந்து, மெஷினைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போயிருந்தார். நான் கூடத்தில் கணக்கப்பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். வீட்டு வேலை செய்கிற கௌரம்மா, ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரி, உனக்கு ஞாபகம் இருக்கும், அண்ணிக்குத் துணி பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரிப்பது எனக்குக் கேட்டது. சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு வந்த சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

ஓடினேன். அண்ணி கொடிக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். விடவில்லை. விட முடியவில்லை. ஈரப் புடவை ஒன்று பாதி கம்பியிலும் பாதி தரையிலும் கிடந்தது. அவளை இழுக்கப்போன கௌரம்மா தூக்கியெறியப்பட்டுச் சுவரோரம் விழுந்து கிடந்தாள். நான் அண்ணியைப் பிடிக்கக் கையை நீட்டினேன். கௌரம்மா கிடந்த இடத்திலிருந்தே, "முட்டபேடி! சாமி, முட்டபேடி!" என்று அலறினாள். தொடாதே என்று அவள் பாஷையில். அந்தக் குரல் இல்லையென்றால் இன்று உனக்குக் கடிதம் எழுத நான் இல்லை.

மெஷினின் சுவிட்சு பெரியப்பா படுத்திருந்த அறைக்குள் இருந்தது. கதவை இரண்டு கையாலும் இடித்தேன். "அண்ணா, தொறங்க! அண்ணா!" என்று கத்தினேன். உள்ளே மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. அந்தக் கதவில் நான் எவ்வளவு நேரம் நின்றேனோ, அவ்வளவும் வீண். பிறகுதான் வாசல் சுவரில் மெயின் இருப்பது ஞாபகம் வந்தது. ஓடிப்போய் இறக்கினேன். உறுமல் அடங்கியது. வீடு முழுக்க ஒரு நிசப்தம். பின்கட்டில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. அதே நேரத்தில் அறைக்குள்ளிருந்து, தூக்கம் கலைந்த குரலில், பெரியப்பா கூப்பிட்டார்.

"ஏ புள்ள, கரன்ட்டு போயிருச்சா? வந்து ஜன்னலத் தொறந்து வுடு."

இதற்குமேல் அன்றைய நாளைப்பற்றி எழுத என்னால் முடியாது. டாக்டர் வந்தார், நாடியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். வெள்ளிக்கிழமை சொன்னபடி சின்னராஜ் சைக்கிளில் வந்து, வாசலில் போட்டிருந்த பந்தலைப் பார்த்து, பையோடு அப்படியே நின்றார். காரியமெல்லாம் முடிந்தபிறகு நான்தான் அவரை அழைத்து மெஷினைத் திறக்கச் சொன்னேன். உள்ளே ஒரு கூடு. வைக்கோல், சணல், அண்ணியின் பழைய நீலப்புடவையின் கிழிசல். அதை ஒட்டினாற்போல ஓடிய ஒயரின் மேல்தோல் விரல் நீளத்துக்குக் கடிபட்டுச் செம்பு பளபளவென்று தெரிந்தது. செம்பு பெட்டியின் இரும்பில் உட்கார்ந்திருந்தது. பெட்டியின் இரும்பு ஆங்கிளில், ஆங்கிள் கொடிக்கம்பியில். சின்னராஜ் கூட்டை எடுத்துத் தரையில் வைத்தார், அவ்வளவுதான். பெட்டியை உடைத்து இரும்புக்குப் போட்டோம். சுவரிலிருந்த ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தோம். பெரியப்பா அந்த அறையில் மறுபடி படுக்கவில்லை. வேர்க்குரு திரும்ப வந்தது. அதற்கு மருந்து போட்டுக்கொள்ளவும் அவர் விடவில்லை.

மணி, மெஷின் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. வசந்தாவுக்குக் குளிர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு அந்த வெயிலில் அவள் வேகவேண்டாம். ஆனால் நீ அறுத்து எறிந்தாயே ஒரு பின், அது அந்த மெஷினிலேயே உன் வீட்டு மனுஷர்களுக்காக வைத்த ஒரே பாகம். மற்ற இரண்டும் மெஷினுக்காக. நல்ல ஒயர்மேனாகப் பார்த்துக் கூப்பிட்டு மூன்று பின் பிளக்கு வைக்கச் சொல். எர்த்துக் குழி வெட்டச் சொல். வாடகை வீட்டுக்காரர் தோட்டத்தைத் தோண்டக்கூடாது என்றால் மெஷினை இறக்கி வைத்துவிடு, வீடு மாறும்வரை ஈரத் தட்டியும் விசிறியும் போதும். குழிக்குத் தண்ணீர் ஊற்று, உனக்குக் குடிக்கத் தண்ணீர் குறைந்தாலும் ஊற்று. ஓடாமல் கிடக்கும் மாசங்களில் வெளிப்பக்கம் எலி நுழையாமல் வலை அடி. மறுபடி போடுவதற்கு முன்னால் திறந்து பார்க்கச் சொல். மெஷினின்மேலோ, அது உட்கார்ந்திருக்கும் ஜன்னலிலோ, துணிக்கொடி, திரைச்சீலைக் கம்பி, எதையும் கட்டாதே. பியூஸ் போனால் திட்டாதே, அது உன்னைக் கூப்பிட்டு ஏதோ சொல்கிறது. இவையெல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. உன் வீட்டில் ஒரு பெண், தொட்டால் ஏதோ செய்கிறது என்று சொன்னால், உனக்கு அது தெரியாவிட்டாலும் நம்பு. அவள் கையை எடுத்துவிட்டுச் சொல்கிறாளே, அது வரைக்கும் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்.

இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது பெரியப்பா உள்ளே வந்தார். வசந்தா எழுதிய அந்த நாலு வரியை நேற்று நான் அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். கேட்டுவிட்டு எழுந்து போனவர், ராத்திரி சாப்பிடவில்லை. இப்போது வெள்ளை வேட்டி கட்டி, துணிப்பையில் ஒரு மாற்றுவேட்டியை வைத்துக்கொண்டு நிற்கிறார். அண்ணி போனபிறகு மண்டியைத் தாண்டி எங்கேயும் போகாத மனுஷர்.

"லாரியில நானும் போறேன்" என்றார்.

"ராவெல்லாம் குலுங்கும் அண்ணா. டிரைவரே கொடுத்துருவாரு."

"காயிதத்தப் படிச்சுட்டு மடிச்சு வச்சிருவான். நான் போயி நின்னா மடிச்சு வெக்க முடியாது." என் பேனாவைப் பார்த்தார். "எல்லாத்தையும் எழுதிட்டயா?"

"எழுதிட்டேன்."

"நான் தண்ணி ஊத்தவேணாம்னு சொன்னது?"

அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். "அது இருக்கட்டும். அப்பத்தான் பயப்படுவான்" என்றார். வெளியே போய், லாரியின் முன்சீட்டில் இப்போதே ஏறி உட்கார்ந்துவிட்டார். சரக்கு இன்னும் பாதிகூட ஏற்றவில்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தந்தி நேரத்துக்குக் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. நேற்று மத்தியானம் உன் கடிதம் வந்தது, அதை நீ எழுதினது அதற்கும் முன்னால். இடையில் அந்த வீட்டில் எத்தனை தடவை அவள் குளித்துவிட்டு ஈரக்காலோடு ஜன்னல் பக்கம் போயிருப்பாள் என்று நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. பெரியப்பாவை உள்ளே அழைத்து உட்காரவை. அவரிடம் எதையும் கேட்காதே. வசந்தா கேட்ட ஊறுகாயும் லாரியில் வருகிறது. லாரி நாளை ராத்திரியே திரும்பிவிடும். டிரைவர் கிளம்புவதற்கு முன்னால் அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தனுப்பு. நீ எழுதவேண்டாம், நீ எழுதினால் எனக்கு நம்பிக்கை வராது. வசந்தா எழுதட்டும். ஊறுகாய் வந்துசேர்ந்தது என்று எழுதினாலும் சரி, வெயில் அதிகம் என்று எழுதினாலும் சரி. அவள் கையெழுத்தாக இருக்கட்டும்.

அப்பா